சம்பந்தி வீட்டில் ஒட்டிக்கொண்ட வாய்

முப்பத்தைந்து வயதில் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொள்கிறவன் அதை ஊருக்கே சொல்லிவிடுவது நல்லது. நான் மறைத்தேன்.

தூக்கத்தில் நறநறவென்று கடித்துக் கடித்து என் முன்பற்கள் பாதியாகத் தேய்ந்திருந்தன. பல்லுக்கு உறைபோல கேப் போட்டுக்கொள்ளலாம் என்று பெங்களூர் கண்டோன்மென்ட் பல் டாக்டரிடம் போனேன். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் இடித்துக்கொண்டிருக்கும்போது கேப்புக்கு இடம் ஏது என்றார் அவர். முதலில் கம்பி வைத்த பிளேட் போட்டுப் பற்களை நகர்த்த வேண்டும், இடம் கிடைத்த பிறகுதான் கேப். அதுவரை சாப்பிடும்போதுகூடக் கழற்றக் கூடாது. (அந்தக் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே கம்பி அபூர்வம். எனக்கோ மீசை நரைக்க ஆரம்பித்திருந்தது.)

அந்த நேரம் பார்த்துத் தங்கை சரோஜாவுக்கு ஊரின் இன்னொரு பக்கம் அடுகோடியிலிருந்து வரன் வந்தது. அப்பா இல்லாத வீடு, பேச வேண்டியவன் நான். ஏற்கெனவே சில வரன்கள் தட்டிப்போயிருந்தன. இதையும் நான் கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் பிளேட் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு நான் பேசப் போன நாளோ சங்கராந்தி. பெங்களூரில் அன்று எந்த வீட்டுக்குப் போனாலும் எள்ளு பெல்லா கொடுப்பார்கள். எள், வெல்லம், கொப்பரை, கடலை எல்லாம் கலந்தது. அதைத் தின்றுவிட்டு நல்ல வார்த்தை பேச வேண்டும். பல தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர்கள் இந்த விஷயத்தில் கன்னடக்காரர்களைவிடக் கண்டிப்பு.

மாப்பிள்ளையின் அம்மா கிண்ணத்தை நீட்டினார். மரியாதைக்கு முழுவதையும் வாயில் போட்டேன். வெல்லம் இளகி, பிளேட்டையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அந்த அம்மாள் கேட்டார்.

"பொண்ணுக்கு ஒடம்புல ஏதாச்சும் கொறை இருக்குதா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

இல்லை என்று ஒரு சொல் போதும். வாய் திறக்கவில்லை. தலையையாவது ஆட்டியிருக்கலாம், பதற்றத்தில் அதுவும் தோன்றவில்லை. கண்ணில் நீர் தளும்ப அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

போச்சு, சரோஜாவின் கல்யாணம் போச்சு என்று விரலை உள்ளே விட்டு இழுத்தேன். எள் அப்பிய பிளேட் கம்பியோடு கையில் வந்தது.

"கொறை எனக்குத்தாங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பிளேட்டை ஆட்டி ஆட்டி, தூக்கத்தில் பல் கடிக்கிற பழக்கம்வரை விளக்கினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தங்கச்சியும் இப்படித்தான் கடிக்குமா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். மற்ற வீடுகளில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் கையில் ஒரு கரும்பைக் கொடுத்தார்கள். சரோஜா பட்டுப்புடவையோடு உட்கார்ந்து, தோலைப் பல்லால் உரித்து, என்னையே முறைத்துக்கொண்டு கடைசிக் கணுவரை தின்று முடித்தாள். பல் கெட்டி என்று சொல்லி அங்கேயே பூ வைத்தார் மாமியார்.

இன்றும் குடும்பத்தில் யாருக்காவது வரன் பேச நான் கிளம்பினால் சரோஜா என் எதிரே வந்து நிற்கிறாள். "அண்ணா, வாயத் தொற," என்கிறாள். உள்ளே இப்போது ஒரு பல்கூட இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வழி விடுகிறாள்.