அக்கா கல்யாணத்தில் நான் தெரிவித்த ஆட்சேபம்

1958 அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை, முற்பகல் பதினொன்று அடித்து ஏழு நிமிடம். வடகிழக்கிலிருந்து காற்று, விட்டுவிட்டுத் தூறல். கடற்கரை மேரிக் கட்டடத்தின் (நகராட்சி மண்டபத்தை எங்கள் ஊரில் மேரி என்போம்) கூடத்தில் மணமக்களைத் தவிர நாற்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்திரண்டாவது ஆளாகிய நான் எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்தவர்களில் யாராவது என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்கலாம். ஒருவரும் செய்யவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றைக்கும் உண்டு.

எனக்கு அப்போது பதினாறு வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது இல்லை. காதலைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம் கூடுதல். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் மட்டும் சொல்தாக்களுக்காக (பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த நம்மூர்ப் பிள்ளைகள்) காத்திருந்த பெண்கள் ஐந்து பேர். நான்கு சொல்தாக்கள் திரும்பி வந்தார்கள். மூன்று பேர் சைகோனில் கட்டிய மனைவியோடு வந்தார்கள். நான்காமவர் ஒரு கிராமபோனோடு வந்தார், ஆனால் காத்திருந்தவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாமவர் கஜபதி. அவருக்காகக் காத்திருந்தவள் என் அக்கா நாயகி.

நான்கிற்கு நான்கு ஏமாற்று என்று நோட்டில் குறித்து, அடியில் இரண்டு கோடு போட்டு, அதை அக்காவிடமே காட்டினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மொதல்ல மீசை மொளைக்கட்டும்டா. அப்பறம் காதலப் பத்திப் பேசலாம்” என்றாள்.

அவள் கடிதங்களைத் தபாலில் போடுவது என் வேலை. கஜபதி சைகோனிலிருந்து வந்து, 1955-இல் விடுப்பு முடிந்து அல்ஜீரியா போனதிலிருந்து மூன்று வருடத்தில் நான் போட்டவை நூற்று முப்பத்தேழு. அவரிடமிருந்து வந்தவை ஐம்பத்திரண்டு. எண்பத்தைந்து கடிதம் பாக்கி என்பதைப் பலமுறை எடுத்துச் சொன்னேன். நீ அனுப்புவதை அவர் அடுப்பு மூட்டத்தான் வைத்திருப்பார் என்றும் சொன்னேன். (என்னை ஏன் யாரும் அறையவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். நல்ல குடும்பம்.)

ஆனால் கஜபதி வந்தார். வந்தவுடன் கல்யாணம் பேசினார். எங்கள் இரு குடும்பங்களும் பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டவை. மேரியில் மேர் (நகராட்சித் தலைவர்) முன்னால் கையெழுத்துப் போட்டால்தான் கல்யாணம் செல்லும். சனிக்கிழமை கையெழுத்து, ஞாயிறு வீட்டில் தாலி, திங்கள் காலை அவர் சென்னைக்குப் போய்க் கப்பலேற வேண்டும். அடுத்த விடுப்பு மூன்று வருடம் கழித்துத்தான்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, தைத்து வந்த புதுச் சட்டையைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. பெட்டியில் வைத்துவிட்டுப் போகும்படி அவருடைய அம்மா சொன்னார். தகரப் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உட்பக்கத்தில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. சீருடையில் கஜபதி, பக்கத்தில் நீண்ட வெள்ளை உடுப்பில் ஒரு சைகோன் பெண், அவள் கையில் ஒரு குழந்தை.

ஐந்திற்கு ஐந்து.

அக்காவிடம் சொன்னால் நம்பமாட்டாள். அம்மாவிடம் சொன்னால் அழுவாள். அப்பாவிடம் சொன்னால், அடுத்தவன் பெட்டியில் உனக்கென்னடா பார்வை என்று என்னையே கேட்பார். மேரி வாசலில் பத்து நாளாக ஒட்டியிருந்த கல்யாண அறிவிப்பை நான் நினைவில் வைத்திருந்தேன். தடை தெரிந்தவர்கள் தெரிவிப்பதற்காகத்தானே ஒட்டுகிறார்கள்? ஆகவே சபையில் மேர் கேட்பார், நான் சொல்வேன். பள்ளிக்கூடப் பிரெஞ்சில் ஒன்பது வாக்கியம் தயாரித்து, கிணற்றடியில் பத்தொன்பது தடவை சொல்லிப் பார்த்தேன்.

மேர் கேட்கவே இல்லை. அவர் பாட்டுக்குச் சட்டப் புத்தகத்தைப் படித்துக்கொண்டே போனார். இன்னும் இரண்டு பக்கத்தில் பேனாவை நீட்டிவிடுவார் என்று தெரிந்தது. கணவன் தன் மனைவிக்கு விசுவாசமாய் இருக்கக் கடமைப்பட்டவன் என்ற வரி வந்தது. தயாரித்த ஒன்பது வாக்கியமும் மறந்துபோயிற்று. எழுந்து நின்று, பிரெஞ்சில், நான்கு வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னேன்:

“எந்த மனைவிக்கு, முசியே?”

நாற்பத்தொரு பேரும் திரும்பினார்கள். பிரெஞ்சு தெரியாதவர்களுக்காகத் தமிழிலும் சொன்னேன். புகைப்படம், வெள்ளை உடுப்பு, குழந்தை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, இந்தப் பிள்ளை யார் என்று விசாரித்தார். அப்பா எழுந்தார்.

“என் பிள்ளதாங்க. இன்னி வரைக்கும்.”

அக்கா எழவில்லை, திரும்பவுமில்லை. குனிந்த தலையோடு பேசினாள்.

“அவ பேரு லான். காய்ச்சல்ல செத்து நாலு வருஷம் ஆவுது. கொழந்தைய இவரு கூட்டியாந்து காரைக்கால்ல தன் அக்கா வீட்டுல வளக்கறாரு. தோ, மொத வரிசையில உக்காந்திருக்கு. எல்லாருக்கும் தெரியும்டா. உங்கிட்டதான் சொல்லல.”

“ஏன்?”

“சொன்னா கணக்கு கேப்ப.”

முதல் வரிசையில் மஞ்சள் கவுனில் ஐந்து வயதுப் பெண் ஒன்று என்னை வெறித்துப் பார்த்தது. (வந்தவர்களை எண்ணும்போது அதைக் குழந்தை ஒன்று என்று சேர்த்திருந்தேன்.)

நான் உட்கார்ந்தேன். அத்தோடு முடிந்திருந்தால் இது கட்டுரையாகாது. மேர் பதிவேட்டை மூடிவிட்டார். சபையில் ஒருவன் சொன்ன பிறகு எழுத்தில் பார்க்காமல் தன்னால் கையெழுத்து வாங்க முடியாது என்றார். கஜபதியின் லிவ்ரேயை, அதாவது குடும்பத்தின் கல்யாணம், பிறப்பு, இறப்பு எல்லாம் பதிந்த சின்னப் புத்தகத்தை, கொண்டுவரச் சொன்னார். அதைச் சரிபார்த்திருந்த எழுத்தர் அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். புத்தகமோ தகரப் பெட்டியில். மேரியைப் பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மணி பதினொன்றே கால். அக்காவின் மூன்று வருடக் காத்திருப்பு ஆறு வருடமாகப் போகிறது; செய்தவன் நான்.

கஜபதி என்னிடம் வந்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளங்கையில் சில்லென்று ஏதோ பட்டது. பெட்டிச் சாவி.

“மச்சான், நீயே போயி எடுத்தா.”

“அவனையா?” என்றார் அப்பா. “வழியில வாசப்படியெல்லாம் எண்ணிக்கிட்டு நிப்பான்.”

“அவன் கண்ணால பாத்துட்டு வரட்டும் மாமா. இல்லாட்டி நான் கெழவனானாலும் சந்தேகப்பட்டுக்கிட்டே கெடப்பான்.”

புகைப்படக்காரரின் சைக்கிளை எடுத்தேன். (கேட்டு எடுத்ததாக நான் சொல்கிறேன், அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.) கேமரா நிறுத்தும் முக்காலி பின்னால் குறுக்கே கட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டு பக்கமும் முழ நீளம் நீட்டிக்கொண்டிருந்தது. முத்தியால்பேட்டை போய்ச் சேருவதற்குள் அது சாய்த்தவை: குடை இரண்டு, மோர்ப்பானை ஒன்று, கீரைக் கூடை ஒன்று. கீரைக்காரம்மா என் பரம்பரையில் ஏழு தலைமுறையைத் திட்டினார். எனக்கு நான்குதான் தெரியும்.

பதினொன்று இருபத்தொன்பதுக்குப் பெட்டியைத் திறந்தேன். லிவ்ரே மேலேயே இருந்தது. ஆறாம் பக்கத்தில் லானின் மரணம், தேதி, முத்திரை. அதை எடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அதன் கீழே ஒரு பிஸ்கட் டின் இருந்தது. திறந்தேன். அக்காவின் கையெழுத்து.

எண்ணினேன். (திட்டாதீர்கள். பிறவிக் கோளாறு. டாக்டரிடமும் சொல்லியிருக்கிறேன்.) ஒவ்வொரு உறையின் மூலையிலும் கஜபதி பென்சிலால் வரிசை எண் போட்டிருந்தார். நாற்பதாவதில் மணல். எழுபத்தொன்றாவது முழுக்க நனைந்து காய்ந்து அப்பளம் மாதிரி இருந்தது. மடிப்புக் கிழிந்தவற்றில் ஒட்டுக் காகிதம். கடைசி எண் நூற்று முப்பத்தேழு. நான் போட்டவை அத்தனையும் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

டின்னுக்கு அடியில் இன்னொரு கட்டு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த கஜபதிக்குத் தமிழ் எழுத்து தகராறு. ‘அன்புள்ள நாயகிக்கு’ என்று ஆரம்பித்து, நாலு வரி எழுதி, அடித்து, மறுபடி ஆரம்பித்த காகிதங்கள். எண்பத்தைந்தைவிட எவ்வளவோ அதிகம் இருக்கும். எவ்வளவு என்று தெரியாது. வாழ்நாளில் முதல்முறையாக எண்ணாமல் பெட்டியை மூடினேன்.

திரும்பும்போது சங்கிலி கழன்றது. மாட்ட நேரமில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முக்காலியோடு, தூறலில், இடுப்பு வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கடற்கரை வரை ஓடினேன். பதினொன்று ஐம்பத்துமூன்றுக்கு மேரி வாசலில் காவலாளி பூட்டும் கையுமாக நின்றிருந்தார். அவர் அக்குளுக்குக் கீழே நுழைந்து உள்ளே போனேன்.

மேர் ஆறாம் பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஆட்சேபம் இன்னும் உண்டா?”

“இல்ல, முசியே. நூத்தி முப்பத்தேழும் இருக்கு.”

யாருக்கும் புரியவில்லை. மேர், ஓடிவந்ததில் பிள்ளைக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். அக்கா மட்டும் அன்று முதன்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் கஜபதியைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். காது சிவந்திருந்தது. பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நாற்பத்தொரு பேரும் கை தட்டினார்கள். நான்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன். வேட்டி நழுவியது. அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

கஜபதி மாமா சொன்னபடி மூன்று வருடத்தில் திரும்பி வந்தார். இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் என்னை நடு நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் திடமான ஆளாக ஒவ்வொருவரைப் போடுகிறார்கள். இத்தனை வயதில் ஓடவா போகிறேன்? சொன்னால் கேட்பதில்லை. பேரப்பிள்ளைகள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

தண்டனையை அக்கா அன்று மாலையே சொல்லிவிட்டாள். மஞ்சள் கவுன் போட்ட மாலாவை, அதுதான் அந்தப் பெண்ணின் பெயர், என் எதிரில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“இவளுக்கு இந்த ஊர்ல தாய்மாமன் இல்ல. இவ அம்மாவுக்காக சபையில எழுந்து நின்னு கேட்டவன் நீ ஒருத்தன்தான். அதனால இனிமே நீதான்.”

நான் மறுக்கவில்லை. காதணி விழாவுக்கு ஒரு ஜோடி தோடு, மடியில் உட்காரவைத்துக் காது குத்தியபோது அவள் கடித்த என் கட்டைவிரலுக்கு மருந்து, பெரியவளானபோது பட்டுப் பாவாடையும் ஒன்பது தட்டு வரிசையும், 1974-இல் அவள் கல்யாணத்துக்கு மூன்று சவரன் சங்கிலி, மாப்பிள்ளைக்கு மோதிரம், புகைப்படக்காரரின் முக்காலிக்கு ஒரு புதுக்கால், எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் அறுபது பைசா.