சாம்பல் நோயும் சம்பந்தியம்மாவும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நான் சுகம், உங்கள் அம்மா சுகம், வெள்ளரிக் கொடியும் சுகம். இந்த மூன்றாவது சுகத்தை எழுதுகிற நிலைமைக்கு வருவதற்குள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். என் மகளுக்கு மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். நடுவில் அவள் எழுந்து போனாலும் நீங்கள் நிறுத்த வேண்டாம். முடிவு நல்ல முடிவுதான்.

நீங்கள் இருவரும் வேலை விஷயமாக வெளியூருக்குக் கிளம்பியபோது சாவியை என் கையில் கொடுத்து, செடிகளுக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்றீர்கள். அதில் பின்பாதி என் காதில் சரியாக விழவில்லை. பால்கனிக் கம்பியில் வெள்ளரி ஏறிக்கொண்டிருந்தது, பக்கத்துத் தொட்டியில் பூசணி. ஒரு நாள் காலையில் பார்த்தால் வெள்ளரியின் அடி இலைகளில் வட்ட வட்டமாக வெள்ளைப் பொடி. மாடியில் யாரோ சுவரைச் சுரண்டுகிறார்கள் என்று நினைத்து மேல்வீட்டுத் தையல்காரரிடம் நியாயம் கேட்கப் போனேன். அவர் பாவம், என்னை உட்காரவைத்து, நான்கு சுவரையும் காட்டி, டீயும் கொடுத்து அனுப்பினார். சரி, பொடிதானே, துடைத்தால் போச்சு என்று உலர்ந்த துணியை எடுத்து வெள்ளரி இலை அத்தனையையும் துடைத்தேன். துணி கையில் இருந்ததால் பூசணியையும் ஒரு துடை துடைத்தேன். சில நாளில் பூசணியிலும் அதே பொடி. தபால்காரர் மாதிரி நானே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன் என்பது அப்போது தெரியவில்லை. காய்கறிக் கடைக்காரர் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கச் சொன்னார். சிட்டிகை அவருக்குப் போதும், நமக்கு எதற்குக் கஞ்சத்தனம் என்று குழம்புக் கரண்டியால் அள்ளிப் போட்டேன். இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது என் தொழில் ஒன்றுதான். ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். எது மக்கர் பண்ணினாலும் எண்ணெய் போட்டே பழக்கம். உச்சி வெயிலில் சமையல் எண்ணெயைப் பிரஷ்ஷால் தொட்டு இலை இலையாகத் தடவினேன். சாயங்காலம் பார்த்தால் வாணலியிலிருந்து எடுத்ததுபோல் நிற்கிறது.

அன்றைக்கென்று பார்த்து உங்கள் மனைவி போன் செய்து, பூ விட்டதா, படம் எடுத்து அனுப்பு என்கிறாள். விதை போட்ட நாளிலிருந்து குழந்தை மாதிரி வளர்த்தவள். கேமராவில் கோளாறு என்று சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் உங்கள் அம்மாவைக் கூப்பிட்டேன். உங்களுக்கே தெரியும், கல்யாண குரூப் போட்டோவில் என் தலை அவருடைய முகத்தை மறைத்துவிட்ட நாளிலிருந்து எங்கள் பேச்சு "வாங்க", "வரேன்" என்ற இரண்டு வார்த்தையோடு நின்றிருந்தது. ஆனாலும் மறுநாள் காலையிலேயே ஒரு பையோடு வந்து நின்றார். ஒரு குத்தல் பேச்சு இல்லை. கையுறை மாட்டிக்கொண்டு இலையைத் திருப்பிப் பார்த்து, இது சாம்பல் நோய் என்றார். எப்போதிலிருந்து என்று நோயாளியின் சொந்தக்காரரைக் கேட்பதுபோல் கேட்டார். நான் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். தலைமை நர்ஸாக இருந்தவர் அல்லவா, கண்ணெடுக்காமல் என் முகத்தையே பார்த்தார். எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். எண்ணெய் வரைக்கும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க போட்டது மருந்தில்ல சம்பந்தி, வறுவல்."

அப்புறம் நடந்ததுதான் வைத்தியம், மாப்பிள்ளை. காற்று போகாமல் நெருக்கி வைத்ததுதான் முதல் தப்பு என்று பால்கனியிலிருந்த நாற்காலி, துணிக்கொடி, உங்கள் பழைய சைக்கிள் எல்லாம் உள்ளே வந்தன. பூசணி தனி வார்டாக உங்கள் படுக்கையறை ஜன்னலுக்குப் போனது. மோசமான இலைகளை வெட்டி, பையில் கட்டி, நேராகக் குப்பைத் தொட்டிக்கு; எருக்குழிக்குப் போனால் நோயும் கூடவே போகுமாம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்தார். எல்லா இலையையும் வெட்டிவிடலாமே என்றேன். அது எதை வைத்துச் சாப்பிடும் என்று கேட்டார். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, காலை வெயிலில் இலையின் மேலும் கீழும் தெளித்தார். பால் முழுதும் நோயாளிக்கே போனதால் நான் வெறும் காப்பி குடித்தேன். ருசி பழகிவிட்டது. இலை மேல் தண்ணீர் ஊற்றுகிற என் பழக்கத்தை நிறுத்தி, காலையில் வேரடியில் மட்டும் ஊற்ற வைத்தார். வெயில் நகர நகரப் பூசணித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக நான் நகர்ந்தேன். ஒரு கட்டத்தில் அவர் "தொட்டி" என்றாலே போதும், என் முதுகு தானாகக் குனியும்.

ஆனாலும் பழைய இலைகளில் தழும்பு அப்படியே இருந்தது. என் மனசு விட்டுப்போச்சு. பேசாமல் நர்சரியில் ஒரு கொடி வாங்கி இந்தத் தொட்டியில் வைத்துவிடலாம், பெண்ணுக்கு அடையாளம் தெரியாது என்று மெல்லச் சொன்னேன். உங்கள் அம்மா தெளிப்பானைக் கீழே வைத்தார்.

"பட்ட இலை திரும்பப் பச்சையாகாது சம்பந்தி. அதையே பாத்துட்டு நிக்காதீங்க, நுனியப் பாருங்க."

பார்த்தேன். கம்பி உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புது இலை, ஒரு பொட்டு வெள்ளை இல்லாமல்.

"அப்படியே இது பிழைக்கலேன்னாலும் நீங்க எதுவும் சொல்லவேண்டாம். செடி என் பொறுப்புலதான் இருந்துச்சுன்னு மருமகள்கிட்ட நானே சொல்லிக்கிறேன். அப்பா மேல அவளுக்கு வருத்தம் வரக்கூடாது."

மூக்கைச் சிந்திவிட்டு, தூசி என்றேன். இப்படிப்பட்ட மனுஷியிடமா இத்தனை நாள் "வாங்க, வரேன்" என்று காலத்தை ஓட்டினேன் என்று இருந்தது. அந்தப் பழி அவர் தலையில் விழக்கூடாது என்றுதான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிட்டேன். துடைத்தது நான், கரைத்தது நான், வறுத்தது நான். காப்பாற்றியது அவர். மகளிடம் இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

இப்போது கொடி முழுக்கப் புது இலை. விரல் நீளத்தில் ஒரு பிஞ்சு, மூக்கில் பூ வாடாமல் தொங்குகிறது. பூசணியும் குணமாகிப் பால்கனிக்கே திரும்பிவிட்டது. வீடு நீங்கள் விட்டுப்போனது போலவே இருக்கிறது. படுக்கையைக்கூடத் தட்டிப் போட்டிருக்கிறேன். வேலை முடிந்ததும் ஒரு நாளும் தாமதிக்காமல் கிளம்பி வாருங்கள்.

உங்கள் இருவர் வாழ்விலும் வெளிச்சமும் காற்றோட்டமும் குறையாமல் இருக்க வாழ்த்தும்,
மாமனார்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டுப் பல் டாக்டர், கையில் வெள்ளை பூத்த ரோஜாத் தொட்டி. அவர் பின்னால் எதிர்வீட்டு அம்மாள் பாகற்கொடியோடு. அவர் பின்னால் படிக்கட்டு நெடுக ஆட்கள். உங்கள் அம்மா எல்லோரையும் சேர்த்துக்கொண்டுவிட்டார். படுக்கையறை இப்போது பொது வார்டு. கட்டிலைக் காற்றோட்டத்துக்காகச் சுவரில் நிமிர்த்திச் சாய்த்திருக்கிறோம். ஆகவே மேலே "கிளம்பி வாருங்கள்" என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். வந்தே ஆக வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். இடம் காலியாகுமா என்று சம்பந்தியம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்.