பூதத்தாரும் சாக மறுத்த விளையாட்டும்

கிளிநொச்சியில் பூதத்தாரைப் போலக் கூச்சமில்லாமல் பொய் சொல்லக்கூடிய மனிதர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ராசாவாகவும், ராசாவைக் கொல்ல வந்த கள்ளனாகவும், இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும் கிழவியாகவும் இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் ஒன்றுமே நடக்காதது போல வாசலில் குந்தியிருந்து தண்ணீர்ப் பம்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். பம்ப் திருத்துவதுதான் தொழில். ஒருமுறை, வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின் எப்போது கிடைக்கும் என்று கேட்டு வந்த கமக்காரருக்கு, முதல் நாள் போட்ட பூதக் குரல் தொண்டையை விட்டு இறங்காமல், "மூன்று பௌர்ணமி கழியட்டும் மானிடா" என்று பதில் சொல்லிவிட்டார். திருத்துகிறவர்கள் வழமையாகச் சொல்லும் தவணைதானே என்று கமக்காரரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

எல்லாவற்றுக்கும் காரணம் கனடாவில் இருக்கும் மருமகன். விடுமுறைக்கு வந்தவன் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தையும், தாயக்கட்டை போலப் பல முகம் கொண்ட கட்டைகள் கொஞ்சத்தையும் விட்டுவிட்டுப் போனான். விளையாட்டு பெரிய சிக்கலில்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நுழைந்து, இன்னது செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைக் கட்டையை உருட்டிப் பார்க்க வேண்டும். கதை சொல்பவர் பூதத்தார். வேடக்காரர் மூவர்: கணக்குப் படிப்பிக்கும் யோகம் டீச்சர், ஓட்டோ ஓடும் ரூபன், பக்கத்துக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்த நான்.

புத்தகத்தின்படி கதை ஒரு மதுச்சாலையில் தொடங்க வேண்டும். பூதத்தார் அதைத் தவறணை என்று தமிழாக்கினார். அங்கேயே பிழை தொடங்கியது. யோகம் டீச்சர் எடுத்த வேடம் நாடு நடுங்கும் வாள்வீரன். ஆனால் அந்த வீரன் கள்ளுத் தவறணைக்குள் கால் வைக்க மாட்டான் என்று அவா ஒற்றைக் காலில் நின்றா. பிள்ளைகளின் தாய் தகப்பன் யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்பது அவாவின் கேள்வி. இது நூறு காத தூரத்து ராச்சியம், அங்கே உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இல்லை என்று பூதத்தார் கெஞ்சிப் பார்த்தார். பலனில்லை. கடைசியில் தவறணைக்குள் இருந்து ரகசியம் சொல்ல வேண்டிய மந்திரவாதியே வெளியே எழுந்து வந்து, வேலியோரம் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது பறவைநாகம். இரண்டு கிழமையாக அதைப் பற்றிப் பயங்காட்டி, விளக்கைக் குறைத்து, மேசைக்கடியில் தகரத்தைத் தட்டி அதை இறக்கினார். ரூபன் கொட்டாவி விட்டபடி, பறக்கும், நெருப்பு விடும், அவ்வளவுதானே என்று சொல்லி வெட்டிப் போட்டான். மனிதருக்கு முகம் செத்துவிட்டது. மறு கிழமை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "பத்தைக்குள்ள ஒரு தனியன் யானை நிக்குது" என்றார். ஒருவரும் கட்டையைத் தொடவில்லை. டீச்சரின் வாள்வீரன், ரூபனின் வில்வீரன், என் மருத்துவன் மூவரும் பொக்கிசத்தைப் போட்டுவிட்டு ஓடினோம். இரண்டு மூன்று ஞாயிறு சென்றுதான் அந்தக் காட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தோம்.

இப்படி மானத்தோடு ஓடிக்கொண்டிருந்த விளையாட்டின் தலையில்தான் மருமகனின் தொலைபேசி இடி விழுந்தது. அந்தப் புத்தகத்தை அச்சடித்த கம்பனி அதை நிற்பாட்டி, புதிய விதிகளோடு வேறொன்று போட்டுவிட்டதாம். "அதை இப்ப ஒருத்தரும் விளையாடுறேல்லை மாமா, அது செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

பூதத்தார் அன்று கதை சொல்லவில்லை. வழக்கு வைத்தார். அச்சு நின்றால் விளையாட்டு செத்துத்தான் போகும் என்றா டீச்சர். நீங்கள் படித்த கணக்குப் புத்தகத்தையும்தான் நிற்பாட்டிவிட்டார்கள், கணக்குச் செத்துவிட்டதா என்று கேட்டார் பூதத்தார். ரூபன் தன் சித்தப்பாவின் உழவு இயந்திரத்தைச் சாட்சிக்கு இழுத்தான். அதற்கு உதிரிப்பாகம் வருவது நின்று எவ்வளவோ காலம், இன்னும் வயலுக்குள் நின்று உழுகிறது என்றான். டீச்சர் அசையவில்லை. புதுப் புத்தகம் வாங்குவோம், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையில் வேறு வேலை பார்ப்போம் என்றா.

பூதத்தார் கதிரையை விட்டு எழும்பினார்.

"சரி, செத்ததெண்டே வைப்பம். இவ்வளவு காலம் அதோட இருந்த ஆக்கள் ஆர்? நாங்கள்தானே. அப்ப சாவுத் துடக்கு எங்களுக்குத்தான். முப்பத்தொரு நாளைக்குக் கோயில் வாசல் மிதிக்கேலாது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு, டீச்சர்?"

டீச்சருக்கு அந்த வருடப் பொங்கலில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குச் செய்ய ஒரு நேர்த்தி இருந்தது. முதலில் சிரித்தா. பிறகு சிரிப்பதை நிறுத்தினா. கணக்கில் எவ்வளவு கெட்டிக்காரியோ, துடக்கு விசயத்தில் அவ்வளவு பயந்தவா. அடுத்த நாள் யாருக்கும் சொல்லாமல் தங்கள் ஊர்க் கோயில் ஐயரிடம் போய்க் கேட்டிருக்கிறா. ரூபனின் ஓட்டோவில் போனபடியால் அந்த ரகசியம் அன்று பின்னேரமே எங்களுக்கு வந்து சேர்ந்தது.

ஐயர் காது கொஞ்சம் மந்தமானவர், நிதானமானவர். செத்தது விளையாட்டு என்பதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. கன காலப் பழக்கமா என்று கேட்டார். ஓம் என்றா டீச்சர். அடிக்கடி போய் வருவீர்களா என்று கேட்டார். ஒவ்வொரு ஞாயிறும் என்றா.

"அந்த வீட்டில சாப்பிடுறனியளோ பிள்ளை?"

"ஓம் ஐயா, மத்தியானச் சாப்பாடு அங்கதான்."

"பிறகென்ன கேள்வி. துடக்குத்தான்."

அடுத்த ஞாயிறு டீச்சர் வந்து கதிரையில் இருந்தா. பையிலிருந்து தன் கட்டைகளை எடுத்து மேசையில் வைத்தா. விளையாட்டு சாகவில்லை, ஆராவது செத்தது என்று இனி வாய் திறந்தால் தனக்குக் கெட்ட கோபம் வரும் என்றா. அந்தப் பொங்கலுக்குப் போய் நேர்த்தியையும் நிறைவேற்றினா.

வென்றவர் துள்ளியிருக்க வேண்டும். பூதத்தார் துள்ளவில்லை. மற்ற இருவரும் போனபின் என்னை வாசலில் மறித்தார். அவருடைய பிள்ளைகளும் மனைவியும் கனடாவில். அவர் போக மாட்டேன் என்று இங்கே இருந்துவிட்டவர். உடைந்த பம்ப் இல்லாமல் அந்த வீட்டுக்குள் ஆட்கள் வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

"புதுப் புத்தகத்துக்குப் பயமில்லை தம்பி," என்றார். "இது செத்துப்போச்செண்டால் நீங்கள் வரமாட்டியள்தானே."

நான் ஏதோ பகிடி சொல்லி மழுப்பிவிட்டு வந்தேன்.

பிறகு எனக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. ரூபன் வேலைக்குக் கட்டார் போனான். போகும்போது அவனுடைய வில்வீரனுக்குப் பூதத்தார் கதைக்குள் ஒரு தீவையே எழுதிக் கொடுத்து அனுப்பினார். டீச்சரும் நானும் மட்டும் மிச்சம். நான் ஞாயிறு காலையில் பஸ் ஏறிப் போய் வருவேன். வவுனியாவில் கூட இருப்பவர்கள் எனக்குக் கிளிநொச்சியில் பெண் பார்த்திருக்கிறது என்று கதை கட்டினார்கள். ஒரு விளையாட்டுக்காக அவ்வளவு தூரம் போகிறேன் என்று சொல்வதை விட அந்தக் கதை மரியாதையாக இருந்ததால் நானும் மறுக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு போனபோது பூதத்தாருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, குரல் அடியோடு போயிருந்தது. ராசாவும் இல்லை, கள்ளனும் இல்லை, கிழவியும் இல்லை. டீச்சர் குசினிக்குள் போய்ப் புளிக்கஞ்சி காய்ச்சினா. குடித்தோம். அரிசி விலையையும் ஆரோ ஒருவரின் கலியாணத்தையும் பற்றிக் கதைத்தோம். பூதத்தார் கையாலும் கண்ணாலும் குறுக்கே பேசினார். புத்தகத்தை ஒருவரும் திறக்கவில்லை. பொழுது சாய்ந்து நான் செருப்பைத் தேடியபோது அவர் கிட்ட வந்து, காற்று மட்டும் வரும் குரலில், "இண்டைக்கு விளையாடேல்லை" என்றார். ஏதோ களவில் பிடிபட்ட முகம்.

"அதுக்கென்ன," என்றேன். "வாற ஞாயிறும் வாறன்."

பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். அந்த மனிதர் எனக்கு ஒன்றும் சொந்தமில்லை. ஆனால் அவர் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.