நல்லி எலும்பு யாருக்கு

என் ஆயுளில் ஒரு ஞாயிற்றுக்கிழமையையாவது நல்லி எலும்போடு கழித்துவிடுவது என்று, எண்பத்தேழாம் ஆண்டு தவக்காலம் முடிந்த கையோடு நான் தீர்மானித்தேன்.

தீர்மானத்தின் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் ஆட்டிறைச்சிக் கறி. கறியில் நல்லி எலும்பு ஒன்றே ஒன்று. என் மனைவி பேர்ளிக்குத் தமையனும் ஒன்றே ஒன்று, பெயர் சூசைநாதன். இந்த இரண்டு ஒன்றுகளும் வாரம் தவறாமல் ஒன்றையொன்று கண்டடைந்துவிடும்.

தன் மனைவி ரோசாலி, இரண்டு பிள்ளைகள் சகிதம் அவர் புறநகர் ஒபர்வில்லியேயிலிருந்து பூசை முடிந்த வாயோடு வந்து இறங்குவார். அழைப்பு என்றொரு சம்பிரதாயம் உலகில் இருப்பதை யாரும் அவருக்கு அறிவிக்கவில்லை. விருந்தாளி என்பதால் எலும்பு அவர் சாப்பாட்டுக் கோப்பைக்குப் போகும். எலும்பில் மூன்று தட்டல், ஓர் உறிஞ்சல், கண்ணை மூடி ஒரு மௌனம். பூசையிற்கூட அவர் அவ்வளவு பக்தியோடு கண்மூடி நான் பார்த்ததில்லை. எனக்கு வருவது கழுத்துத் துண்டும் உருளைக்கிழங்கும். பேர்ளி அடுப்படியில் நின்றபடியே எல்லோருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகு சாப்பிடுவாள். என்ன சாப்பிடுவாள் என்று ஆராயும் அவசியம் எனக்கு ஏற்பட்டதில்லை.

என்னோடு வேலை செய்யும் ரொபேர்தான் வழி காட்டினான். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் உணவகம். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு முற்றத்தைக் கடந்து, குப்பைத் தொட்டிகளைக் கடந்து, இன்னொரு முற்றத்துக்குள் போக வேண்டும். ஞாயிறுகளில் அங்கே சூளையில் வாட்டிய ஆட்டுத்தொடை. தெரியாதவன் குப்பைத் தொட்டியோடு திரும்பிவிடுவான். சூசைநாதனிடமிருந்து ஒளிந்து சாப்பிடுவதற்கென்றே பிரெஞ்சுக்காரர் கட்டிய இடம்!

"இஞ்சேரும் பேர்ளி, வாற ஞாயிறு உமக்கு லீவு. வெளியிலை சாப்பிடுறம். நீர் போய் மேசை ஒதுக்கச் சொல்லிப்போட்டு வாரும்."

"நீங்களே போய்ச் சொல்லுங்கோவன்."

"என்ரை பிரெஞ்சு பெரிய விசயங்களுக்கு. இந்தச் சில்லறை வேலைக்கு உம்மடை பிரெஞ்சு போதும்."

என் பிரெஞ்சு அப்போது ஒரு வணக்கம், ஒரு நன்றி, பொலிஸ் அலுவலக வரிசையில் மனனம் செய்த ஒரு வாக்கியம் ஆகியவற்றால் ஆனது என்பதை வாசகர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

வியாழக்கிழமை போய் வந்தாள்.

"மேசை சொல்லியாச்சு. ஆனா, தொடை முழுசாத்தான் வைப்பினமாம்."

"எலும்போடையோ?"

"எலும்போடைதான். ஆறு பேருக்குக் குறைஞ்சால் சூளையிலை வைக்க மாட்டினமாம்."

"வைக்கச் சொல்லும். ஆறு பேரின்ரை பங்கையும் நான் பாத்துக்கொள்ளுறன்."

"அப்ப நான் ஆறு பேருக்கெண்டு சொன்னது சரிதானே?"

"நூறு வீதம் சரி. உம்மடை அண்ணைக்கும் சொல்லிவிடும், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீட்டிலை இல்லையெண்டு."

"ஓம், சொல்லுறன்."

மணமான நாளிலிருந்து அவளுடைய "ஓம்" என்ற சொல்லுக்கு நான் பணிவு என்றே பொருள் கொண்டு வந்திருக்கிறேன்.

ஞாயிறன்று கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, பேர்ளி பின்னால் வர, ரூ லூயி-பிளாங் தெருவைக் கடந்து நடந்தேன். நம்மவர் உணவகங்களிலிருந்து வந்த கறி வாசனையை ஒரு கனவானின் அலட்சியத்தோடு மூக்கால் ஒதுக்கினேன். முதல் முற்றம். குப்பைத் தொட்டிகள். இரண்டாம் முற்றம். கதவைத் திறந்தேன்.

நீள மேசை ஒன்று. அதன் தலைமாட்டில், கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி, கையில் முள்ளுக்கரண்டியோடு சூசைநாதன்!

"வாங்கோ மச்சான்! எவ்வளவு நேரமா உங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறம்? பிள்ளையளுக்குப் பசிக்குது."

பிள்ளைகள் பாண் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்கள். பசித்தது யாருக்கு என்பது தெளிவாகத் தெரிந்தது. நான் பேர்ளியின் காதருகே சீறினேன்.

"அண்ணைக்கு என்ன சொன்னனீர்?"

"நீங்கள் சொன்னதைத்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலை நிக்க மாட்டம், இஞ்சை வாங்கோ எண்டு. ஆறு பேர் வேணுமெல்லே?"

தொடை வந்தது. அதைச் சமையல் என்று அழைக்க இந்த நாட்டாருக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! வெளியே மண்ணிறம், உள்ளே காயம்பட்ட சிவப்பு. மிளகாய்த்தூள் அந்தத் தெருவிலேயே நடந்திருக்காது. பக்கத்தில் வெளிறிய அவரை விதைகள், அவையும் ஏதோ துக்கத்தில் இருந்தன.

"மச்சான், இது இன்னும் வேகேல்லை," என்றார் சூசைநாதன், மூன்றாவது துண்டை விழுங்கியபடி.

"பிரெஞ்சுக்காரர் இப்பிடித்தான் சாப்பிடுவினம்," என்றேன் நிபுணனாக.

"பாவங்கள்," என்றாள் ரோசாலி.

ஆனால் என் கண் இறைச்சியில் இல்லை. சதை குறையக் குறைய எலும்பு வெளிப்பட்டது. எங்கள் வீட்டுச் சட்டியில் வருவது அதற்குப் பேரப்பிள்ளை முறை ஆகவேண்டும். கடைக்கார மடாம் கத்தியின் முதுகால் ஒரே அடியில் அதன் தலையைத் தட்டிவிட்டு, முள்ளுக்கரண்டியில் தூக்கிப் பிடித்தாள். சூசைநாதன் கோப்பையை நீட்டினார். நானும் நீட்டினேன். நடுமேசையில் இரண்டு கோப்பைகளும் மோதிக்கொண்டன. மடாமுக்கு இரண்டுமே தென்படவில்லை. எலும்பு எங்கள் தலைகளுக்கு மேலாகப் பயணம் செய்து பேர்ளியின் கோப்பையில் இறங்கியது.

"என்ன இது?" என்றேன்.

"இந்தக் கடையிலை எலும்பு, மேசை சொல்ல வந்த ஆளுக்குத்தானாம். வியாழக்கிழமையே மடாம் சொன்னவா." பேர்ளி துணியை மடியில் விரித்துக்கொண்டாள். "உங்களைத்தானே முதல் போகச் சொன்னனான்?"

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எலும்போடையோ எண்டு மட்டும்தானே கேட்டனீங்கள்? ஆருக்கெண்டு கேக்கேல்லையே."

பிறகு தமையன் பக்கம் திரும்பினாள். "அண்ணை, இதை எப்பிடித் தட்டுறது? எனக்குப் பழக்கமில்லை."

சூசைநாதன் துயரம் ததும்பும் முகத்தோடு, விரலால் காற்றில் தட்டிக் காட்டினார். பேர்ளி மூன்று முறை தட்டினாள். உறிஞ்சினாள். கண்ணை மூடினாள். அந்த மௌனம் வெகுநேரம் நீடித்தது. எத்தனையோ ஞாயிறுகளை அவள் அதற்குள் வைத்திருந்தாள் போலும்.

தோல்வியிலிருந்து பாடம் கற்பவன் நான். எழுந்து, கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, என் முழு பிரெஞ்சையும் திரட்டிக்கொண்டு மடாமை நோக்கி நடந்தேன்.

"எங்கை போறியள்?"

"வாற ஞாயிறுக்கு நானே மேசை சொல்லப் போறன்!"

பேர்ளி எலும்பிலிருந்து வாயை எடுக்காமலே சொன்னாள்:

"பிந்திப்போட்டியள். அண்ணை வந்த கையோடை சொல்லிப்போட்டார், ஆறு பேருக்கு."