கூரையைச் சுவரோடு சேர்த்துவைத்த கதை

அன்பும் மரியாதையும் மிக்க குட்ரூன் அக்காவுக்கு, ஆரிகன் கடற்கரையிலிருந்து தம்பி ஆஸ்மண்ட் வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், மழையும் நலம். மினசோட்டாவில் உன் முட்டிவலி எப்படி?

மகள் சோல்வே கல்யாணத்துக்கு நானே தோட்டத்தில் மர மண்டபம் கட்டுகிறேன் என்று சபதம் போட்டேனே, கட்டியும் விட்டேன். சுவர் முழுக்கக் கனமான பிளைவுட், இண்டு இடுக்கெல்லாம் ஆணி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே நிற்கிறேன், கட்டட இன்ஸ்பெக்டர் திருமதி புரூயிட் உள்ளே ஏணியில் ஏறி, சுவருக்கு மேலே, கூரையைத் தாங்கும் கைமரங்களுக்கு நடுவே இருந்த சந்தில் கையை விட்டு எனக்கு டாட்டா காட்டுகிறார்!

"என்ன சார் இது?"

"காத்து வரட்டும்னு விட்டேன், மேடம்."

"புயலே வரும். சுவரு பலம், கூரையும் பலம். ஆனா ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லையே! கடல் காத்து கூரையைப் பக்கவாட்டுல தள்ளினா, அந்தத் தள்ளு சுவருக்கு வரணும், சுவரு அதை அஸ்திவாரத்துல இறக்கணும். இங்க கூரை தனியா கிளம்பிடும், சுவரு வேடிக்கை பாக்கும்."

அவர் கையெழுத்துப் போடாமல் உள்ளே யாரும் நுழையக் கூடாது. சனிக்கிழமை கல்யாணம். பெண்ணைக் கொட்டும் மழையிலா நிறுத்துவது? எனக்கு அழுகையே வந்துவிட்டது, அக்கா. அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா கிளீட்டஸ் வந்தார். சால்மன் மீன் பிடிக்கிறவர், இதுவரை என்னோடு வானிலை தவிர வேறெதுவும் பேசாதவர். "அழுவாதீங்க சம்பந்தி, கட்டைதானே, அடிச்சிருவோம்" என்றார். நான் கட்டைகளை அறுக்க அறுக்க அவர் அவற்றைக் கைமரங்களுக்கு நடுவே செருகி, மேலே கூரைப் பலகையோடும் கீழே சுவரின் உச்சியில் ஓடும் தலைக்கட்டையோடும் அடித்தார். வாய் நிறைய ஆணியை வெச்சுக்கிட்டே மனுஷன் ஊர்க்கதை பூரா சொல்றாரு, எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு ரம்பம் ஓடவே மாட்டேங்குது! திருமதி புரூயிட் திரும்ப வந்து தட்டிப் பார்த்தார். "இப்பதான் ஒரே குடும்பமா இருக்கு. கல்யாணத்துல நல்லா ஆடுங்க சார்" என்று கையெழுத்துப் போட்டார். அக்கா, இனி எந்தக் காற்றும் இந்த மண்டபத்தை அசைக்க முடியாது. பயமில்லாமல் வா. உன் ஆசீர்வாதம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

உன் அன்புத் தம்பி,
ஆஸ்மண்ட்

பின்குறிப்பு: இதை உறையில் போடும்போது சம்பந்தி தன் படகோடு வந்துவிட்டார். அவர்கள் குடும்பத்தில் படகு நிறைய ஐஸ் கொட்டி, நண்டும் பீரும் அடுக்கித்தான் விருந்தாம். படகு கதவில் நுழையவில்லை. இருந்த சந்தோஷத்தில் இருவருமாகச் சுவரைப் படகு அகலத்துக்கு அறுத்துவிட்டோம். திருமதி புரூயிட்டையும் அழைத்திருக்கிறேன், குடும்பத்தோடு வருகிறாராம். நீ தைத்த போர்வைகளிலேயே பெரியது எதுவோ, அதை மறக்காமல் எடுத்துவா. சுவரில் மாட்ட வேண்டும்.