அறுபது மாத்திரை

"ஒங்க புள்ள இத வேணும்னு செய்யுதா?"

நிலூஷாவின் வகுப்பு டீச்சர் ஒருநாள் நிஷாந்தியைக் கூப்பிட்டு இப்படிக் கேட்டார். நிஷாந்தி ஈரச் சீருடையைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு, ஏழு வயது மகளின் கையைப் பிடித்தபடி ஹந்தானைத் தோட்டத்துக்கு பஸ் ஏறிவிட்டாள்.

பதிலைக் கிளினிக் டொக்டர்தான் சொன்னார். "வேணும்னு செய்யல. மூத்திரப்பை நிறையிறதுக்கு முந்தியே அவசரப்படுது. இந்த மாத்திரை அதை அமைதியாக்கும். காலையில ஒண்ணு, பின்னேரம் ஒண்ணு. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா டொய்லட் போகணும். அடிக்கக் கூடாது, ஏசக் கூடாது."

ஒரு மாதத்துக்கு அறுபது மாத்திரை.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் காம்பராவின் சுவர் கூரைவரை எட்டுவதில்லை. இந்தக் காம்பராவில் தும்மினால் ஆறாவது காம்பராவில் கசாயம் கொதிக்கும். அதனால் நிஷாந்தி மாத்திரைகளைப் பழைய விட்டமின் போத்தலுக்கு மாற்றினாள். விவரம் தெரிந்தவன் அவள் புருஷன் ஜீவன் மட்டும்தான். கண்டி - கொழும்பு பஸ் ஓட்டுபவன். டொக்டர் சொன்னதையெல்லாம் அவள் ரகசியமாக அவன் காதில் ஒப்பித்தாள். அவன் கவனமாகக் கேட்டான். பிறகு தலையை ஆட்டினான்.

"எங்க ஆளுக யாருக்கும் இப்படி ஒரு சீக்கு இல்ல. நீ செல்லம் குடுத்ததுதான்."

முதல் பத்து நாள் நிலூஷா உலர்ந்த சீருடையோடு வந்தாள். லீவு நாளில்கூட ஸ்கூலுக்குப் போகிறேன் என்றாள். நிஷாந்தி மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள்.

இருபதாம் நாள் போத்தலைக் கவிழ்த்தாள். இருபது மாத்திரை இருக்க வேண்டும். ஒன்பதுதான் விழுந்தது.

"நிலூ, மாத்திரைய துப்பிட்டியா?"

"இல்லம்மா."

"ஜன்னலால எறிஞ்சியா?"

"சத்தியமா இல்லம்மா." பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது.

நிஷாந்தி நம்பவில்லை. கதிரையில் ஏறி, போத்தலை அலுமாரிக்கு மேலே வைத்தாள். பிள்ளைக்கு எட்டாத இடம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மாத்திரைதான் மிச்சம்.

"எலியா இருக்கும்," என்றான் ஜீவன், செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு.

எலிப்பொறி வைத்தாள். அதில் அவளுடைய பெருவிரல்தான் மாட்டியது. மிச்சமிருந்த மாத்திரைகளை நாளுக்கு ஒன்றாகக் குறைத்தாள். நான்காம் நாள் நிலூஷா புத்தகப் பையை முன்பக்கம் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, நான் இனி ஸ்கூலுக்குப் போகல."

அடுத்த நாளே நிஷாந்தி கிளினிக்குக்கு ஓடினாள். மருந்து காணாமல் போனதைச் சொன்னால் பொறுப்பில்லாத தாய் என்று நினைப்பார்களே என்ற பயத்தில் அதைச் சொல்லவில்லை.

"ஒழுங்கா குடுத்தீங்களா?"

"குடுத்தேன் டொக்டர்."

"இந்த மருந்து குடிச்சா வாய் காயும். புள்ள தண்ணி தண்ணின்னு கேக்குதா?"

"இல்ல டொக்டர்."

டொக்டர் யோசித்தார். "அப்ப மருந்து இந்தப் புள்ளைக்குச் சரிவரல. திங்கக்கிழமை வார்ட்ல சேருங்க. சின்ன டியூப் ஒண்ணு போட்டு, மூத்திரப்பை எப்படி வேலை செய்யுதுன்னு பாப்போம்."

டியூப் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து நிலூஷா சோறு தின்னவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நிஷாந்தி ஆஸ்பத்திரிப் பையில் துவாயை மடித்து வைக்க வைக்க, பிள்ளை அதை எடுத்து எடுத்து வெளியே போட்டாள். ஜீவன் வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

"அழுது என்ன செய்ய? அடக்கப் பழகணும்," என்றான்.

அப்போது அவனை வேலைக்குக் கூட்டிப்போக பஸ் கொண்டக்டர் வீரசிங்கம் வந்தார். ஐம்பது வயது, வெண்கலக் குரல். வாசலில் நின்றபடியே கும்பிட்டார்.

"தங்கச்சி, ஒனக்குத்தான் நன்றி சொல்லணும். முந்தியெல்லாம் கடுகண்ணாவைல நிப்பாட்டுவான், மாவனெல்லைல நிப்பாட்டுவான், கேகாலைல நிப்பாட்டுவான். டயர் பாக்கணும் டயர் பாக்கணும்னு சொல்லி எறங்கி ஓடுவான், நான் சனத்துக்கிட்ட ஏச்சு வாங்குவேன். நீ அவனுக்கு அந்த விட்டமின் குடுக்கத் தொடங்கின பொறகு, கொழும்பு வரைக்கும் ஒரே ஓட்டம்!"

பக்கத்துக் காம்பராவில் அம்மி அரைக்கும் சத்தம் நின்றது.

நிஷாந்தி மடித்த துவாயோடு திரும்பி ஜீவனைப் பார்த்தாள். நிலூஷாவும் பார்த்தாள்.

ஜீவன் சப்பாத்துக் கயிற்றை மறுபடி அவிழ்த்தான், மறுபடி கட்டினான். எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து மாத்திரைகள் குலுங்கும் ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தான். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினான். பிறகு வீரசிங்கத்தையும் தாண்டிப் படியிறங்கிப் போய்விட்டான்.