ஒன்பது மண் குவியல்களைக் காத்த கிளைத் தலைவர்

வாழ்க அவர்தம் துளைக்கோல்! வாழ்க அவர்தம் மஞ்சள் தலைக்கவசம்! ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டியே களியா, மணலா, வண்டலா என்று கண்டுரைக்கும் விரலுடையார். பத்து மாடி எழுப்பத் துடிப்போரையும் "பொறுங்கள், கீழே என்ன இருக்கிறதென்று முதலில் பார்ப்போம்" என்று தடுத்து நிறுத்தும் நாவுடையார். பதினெட்டு ஆண்டுகள் தலைமை அலுவலகத்தில் நிறுவனப் பெரியவரின் பக்கத்து மேசையில் அமர்ந்து, அவருடைய தும்மல், அவருடைய தொலைபேசி, அவருடைய அறிவுரை என்னும் முப்படையையும் தாங்கிய பொறையுடையார். மண் ஆய்வுப் பொறியாளர், புத்தம்புதிய மண்டலக் கிளையின் தனிப்பெருந் தலைவர், நம் காவிய நாயகர், நீடு வாழ்க!

அவர் ஆளவந்த நாட்டின் பரப்பளவு இரண்டு அறை. முன்னறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், உறை பிரிக்காத அச்சுப்பொறி. பின்னறை ஆய்வகம். அங்கே தராசு வந்துவிட்டது, சல்லடைகள் வந்துவிட்டன. மண்ணை உலர்த்தும் மின்னடுப்பு மட்டும் ஏதோ ஒரு லாரியில் மூன்று நாளாக வந்துகொண்டே இருந்தது. குடிபடை என்று ஒருவரும் இன்னும் அமர்த்தப்படவில்லை. அமைச்சரும் அவரே, தளபதியும் அவரே, தேநீர் போடுபவரும் அவரே.

இந்நாட்டின் முடிமேல் ஒரு வாள் தொங்கியது. திங்கட்கிழமை காலை பெரியவர் தொலைபேசியில் முழங்கியது இது: "வெள்ளிக்கிழமைக்குள்ள முதல் அறிக்கை என் கைக்கு வந்தாகணும். வரலைன்னா கிளையும் வேண்டாம், கொடியும் வேண்டாம். உங்க பழைய மேசை இங்க சும்மாதான் கிடக்கு."

பழைய மேசை! அச்சொல் கேட்டு மலையனைய அவர் நெஞ்சு மணலாய்ச் சரிந்தது. ஆயினும் வீரர் கலங்குவரோ? மின்னடுப்பு வராவிட்டால் என்ன, காற்று இருக்கிறதே என்று வெகுண்டெழுந்தார். முதற்பணி, ஊருக்கு வெளியே எழவிருந்த ஒரு நீர்த்தொட்டிக்கு அடிமண் சோதிப்பது. மூன்று துளைகள், துளைக்கு மூன்று ஆழம், ஆக ஒன்பது மண். ஒவ்வொன்றிலும் பாதியைப் பையில் கட்டிப் பத்திரப்படுத்தினார். மறு பாதியை ஆய்வகத் தரையில் ஒன்பது செய்தித்தாள்களை விரித்து, ஒன்பது குவியலாகப் பரப்பி, குவியலுக்கொரு சீட்டில் துளை எண்ணும் ஆழமும் எழுதி வைத்தார். சாளரத்தைத் திறந்தார். காற்று வந்தது. கன்றுகளைக் கட்டிவிட்டுப் போகும் மனநிறைவோடு வீடு திரும்பினார்.

ஐயகோ! நாளும் காலை ஏழு மணிக்கு அக்கட்டடத்தில் உலா வரும் ஒரு பேராற்றலை அவர் கணக்கில் எடுக்கவில்லை. தூசிக்குக் கூற்றம், ஒட்டடைக்கு ஊழித்தீ, கறை கண்ட இடத்தில் கண் துஞ்சாத கடமைத் திருவுரு, இருபத்தாறு ஆண்டுகளாக அங்கே பெருக்கித் துடைக்கும் அக்கா. அவருக்கு நம் நாயகர்மேல் பகை ஏதுமில்லை. மண்ணைக் கட்டடத்துக்குள் கொண்டுவருவது இவர் தொழில், உள்ளே வந்த மண்ணை வெளியே தள்ளுவது அவர் தொழில். இருவரும் தத்தம் தொழிலில் சுத்தமானவர்கள். வினை அங்கேதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை நாயகர் ஆய்வகக் கதவைத் திறந்தபோது தரை கண்ணாடியாய் மின்னியது. ஒன்பது செய்தித்தாள்களும் நான்காக மடிக்கப்பட்டு மேசையில் இருந்தன. அவற்றின்மேல் ஒன்பது சீட்டுகளும் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தன. மண் மட்டும் இல்லை. துடிதுடித்துப் பின்வாசலுக்கு ஓடினார். அங்கே ஒரே வாளியில், மூன்று மீட்டரும் ஆறு மீட்டரும் ஒன்பது மீட்டரும் சாதி பேதமின்றிக் கலந்து சமத்துவம் எய்தியிருந்தன. பல்லாயிரம் ஆண்டுகள் பாடுபட்டு இயற்கை அடுக்கி வைத்ததை அக்கா ஒரு வீச்சில் முடித்திருந்தார்.

"என்ன தம்பி தேடுறீங்க? சீட்டெல்லாம் பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன். ஒண்ணுகூட தொலையல" என்றார் அக்கா, பெருமையோடு.

நாயகர் "சரிங்கக்கா" என்றார்.

எஞ்சியிருந்தது பைகளில் கட்டிய பாதிதான். அதுவும் போனால் மறுபடி துளையிட வேண்டும். துளையிட வண்டி வர ஒரு வாரமாகும். பழைய மேசை தூரத்தில் பல்லிளித்தது. பைகளை அவிழ்த்து மீண்டும் ஒன்பது குவியல் பரப்பினார். பின்பு கதவில் ஒட்டுவதற்கு ஓர் அரசாணை வரைந்தார்: "இவ்வாய்வகத்துள் பரப்பப்பட்டுள்ள மண் வகைகளை எவரும், எந்நிலையிலும், எக்காரணம் பற்றியும் தீண்டவோ, நகர்த்தவோ, அகற்றவோ கூடாது. மீறுவோர் கடும் நடவடிக்கைக்கு உள்ளாவர்." நான்கு மூலையிலும் பசை தடவி, அறைந்து ஒட்டினார்.

அன்று மாலை இதைக் கேட்ட அவர் மனைவி, காய் நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டார்: "எல்லாம் சரி, அவங்ககிட்ட வாயைத் தொறந்து சொன்னீங்களா?"

"அதான் எழுதி ஒட்டியிருக்கேனே."

"பதினெட்டு வருஷமா உங்க பெரியவர் உங்களுக்கு எழுதித்தான் ஒட்டினாரு. நீங்க எத்தனையைப் படிச்சீங்க?"

நாயகர் அலாரத்தை ஆறு மணிக்கு வைத்துவிட்டுப் படுத்தார். புதன்கிழமை காலை ஏழடித்துப் பத்து நிமிடத்தில், மூச்சிரைக்க, சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருக்க, களம் புகுந்தார். அக்கா ஆய்வகக் கதவடியில் நின்று கரண்டியால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க தம்பி, புதுசா பெயின்ட் அடிச்ச கதவு. யாரோ பேப்பரை ஒட்டிட்டுப் போயிருக்காங்க."

அரசாணை அவர் காலடியில் துண்டுதுண்டாய்க் கிடந்தது. அக்கா துடைப்பத்தை ஏந்தினார். நாயகர் ஒரே பாய்ச்சலில் உள்ளே புகுந்து, அறையின் நடுவே நாற்காலியைப் போட்டு, ஒன்பது குவியலுக்கும் ஒற்றைக் கோட்டையாய் அமர்ந்தார். எதிரியை மண்ணைக் கவ்வ வைப்பது ஏனைய வீரர் மரபு; மண்ணுக்காகவே உயிரைக் கொடுப்பது இவர் மரபு. துடைப்பம் வந்தது. கடலலை கரையைத் தடவுவது போல அதன் நுனி அசைந்து அசைந்து வந்தது. முதற்குவியலுக்கு இன்னும் மூன்று சாண். இரண்டு சாண். நாயகர் தோள் விம்மி, விழி சிவந்து, அண்டம் அதிர அறைகூவ வாயெடுத்த அத்தருணத்தில்,

"காலைத் தூக்குங்க தம்பி" என்றார் அக்கா.

தூக்கினார்! பிறந்தது முதல் பழகிய பழக்கம். தாய் சொன்னபோது தூக்கினார், மனைவி சொன்னபோது தூக்கினார், இப்போதும் தம்மையறியாமல் இரு காலையும் தூக்கிக்கொண்டார். கோட்டை வாயில் திறந்துவிட்டது. துடைப்பம் நாற்காலிக்கு அடியில் புகுந்து முதல் செய்தித்தாளின் ஓரத்தைத் தொட்டது.

"அக்கா!" என்று அலறினார். காவியச் சொல் ஒன்றும் வரவில்லை. தூக்கிய கால் தூக்கியபடி, "இந்த மண்ணு போச்சுன்னா என் ஆபீஸே போச்சுக்கா" என்றார்.

துடைப்பம் நின்றது.

"இதுவா? இந்த மண்ணா?"

"ஆமாக்கா. இதைச் சோதிச்சுத்தான் தொட்டி கட்டணும். வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்கணும்."

"அடப்பாவி மனுஷா, நேத்தே சொல்றதுக்கு என்ன? நான் ஏதோ ஷூவுல ஒட்டிட்டு வந்ததுன்னு நெனச்சேன்" என்று அக்கா இடுப்பில் கை வைத்தார். "ஆனா எட்டு மணிக்கு மேல்பார்வையாளர் வருவாரு. தரையில மண்ணு கிடந்தா ஏச்சு எனக்குத்தான். என் தலைய உருட்டுவாரு."

இரு பேரரசுகளும் ஒன்றன் துயரை ஒன்று உணர்ந்த பொன்னான பொழுது அது. உடன்படிக்கை அங்கேயே எழுந்தது. கதவுக்குப் பின்னால் துப்புரவுத் தாள் ஒன்று தொங்கியது. எந்த அறையைப் பெருக்க யார் பொறுப்பு என்று அதில் கட்டம் கட்டியிருக்கும். அக்கா ஆய்வகக் கட்டத்தில் இருந்த தம் பெயரை அடித்து, "இன்ஜினியர் தம்பி" என்று எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். நாயகர் மகிழ்ச்சியில் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

மண் உலர்ந்தது. சல்லடைகள் ஆர்த்தன, தராசு தாழ்ந்தது, விரல்கள் விசைப்பலகையில் வெற்றி முரசு கொட்டின. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அறிக்கை தலைமை அலுவலகம் சேர்ந்தது, நான்கரைக்குப் பெரியவர் "நல்லா இருக்கு. பழைய மேசையை வேற ஆளுக்குக் கொடுத்துட்டேன்" என்றார். ஆகா! கிளை நிலைத்தது! ஒன்பது மண்ணும் உயிர்த்தியாகம் செய்யாமல் புகழுடம்பு எய்தின! மண்ணறிந்த மாவீரர், ஆணை கிழிந்தும் அஞ்சாதவர், கால் தூக்கியும் களம் விடாதவர், மண்டலம் முழுதும் தம் துளைக்கோல் ஒன்றால் ஆளப்போகும் தனிப்பெருந் தலைவர், திங்கட்கிழமை காலை தம் நாட்டின் நடுவே நிமிர்ந்து நின்றார்!

எட்டு மணிக்கு மேற்பார்வையாளர் வந்து கதவுக்குப் பின்னிருந்த துப்புரவுத் தாளையும் தரையையும் பார்த்துவிட்டு, மூலையில் மண் இருக்கிறது, இன்னொரு தடவை பெருக்குங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.